பெருக்கல் குறியும் சுழியும்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்
பதினான்கு வான்கோழி முட்டைகள்.
மங்கு விழுந்த முகம்போல் பழுப்புப் புள்ளிகள்.
எந்தப் பணம் என்று மார்சலினிடம் சொல்லவில்லை.

தெர்மாகோல் பெட்டி மீன்கடையில் கெஞ்சி வாங்கியது.
மூன்று நாள் வெயிலில் காய்ந்தும் வஞ்சிரம் மணத்தது.
நாற்பது வாட் குண்டு பல்பு, ஒரு கிண்ணம் தண்ணீர்,
தெர்மோஸ்டாட் மட்டும் ரிச்சி தெருவில் புதிதாக.

அவருக்கு இரவு ஷிப்டு, ரயில்பெட்டி வெல்டிங்.
எனக்குப் பகல், தி.நகர் ஜவுளிக்கடை,
மூன்றாம் மாடி, நைட்டி செக்‌ஷன்.
அவர் கிளம்பும்போது நான் பஸ்ஸில்.
நான் கிளம்பும்போது அவர் அயனாவரம் டீக்கடையில்.

முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி,
மறு பக்கம் சுழி.
காலையில் நான் பெருக்கலை மேலே வைப்பேன்.
இரவு வந்து திறந்தால் பதினான்கு சுழி.
சரி, மனிதர் எழுந்து, சாப்பிட்டு, போயிருக்கிறார்.

ஏழாம் நாள் செல்போன் டார்ச்சை ஓட்டில் ஒட்டிப் பார்த்தோம்.
பத்தில் சிவப்பு நரம்பு ஓடியது.
நான்கில் வெறும் மஞ்சள் வெளிச்சம்.
அன்றுதான் கேட்டார், சீட்டுப் பணமா என்று.

மறுநாள் இரவு பெட்டியைத் திறந்தேன்.
நான் வைத்தபடியே பெருக்கல், பத்தும்.
திருப்பாத முட்டையில் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.
எங்களுக்குள்ளும் ஏதோ ஒட்டியது என்று எழுதலாம்,
அழகாகத்தான் இருக்கும்.
அன்று எனக்குப் பசி. பழைய சோறு இருந்தது.

இரண்டு நாள் கழித்துச் சுழி திரும்பியது.
ஒன்பதாம் எண் மட்டும் பெருக்கலிலேயே இருந்தது.
மறந்தாரா, எனக்கென்று மிச்சம் வைத்தாரா,
கேட்கவில்லை.

கத்திரி வெயில். பகல் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
கடையில் எனக்குக் கையே ஓடவில்லை.
பிறகு அவரிடமிருந்து மெசேஜ்:
'பெட்டிக்குள் முப்பத்தேழரை. ஹாலிலும் முப்பத்தேழரை.
ஊரே அடைகாக்குது. நீ வேலையைப் பார்.'

இருபத்தைந்தாம் நாளிலிருந்து திருப்பக் கூடாது.
மூன்று நாள் எங்களுக்குப் பேச ஒன்றுமில்லை.
அப்புறம் போன் அடித்தது.
எடுத்தால் அவர் குரல் இல்லை,
ஓட்டுக்குள்ளிருந்து ஒரு கீச்சு. இன்னொன்று.
ஒரு கையில் எக்ஸ்எல் சைஸ், எதிரே கஸ்டமர்.
'அளவு சரியா இருக்குமா?' என்கிறாள்.
இருக்கும்மா, இருக்கும்.

எட்டு வந்தன. ஒன்பதாம் எண் வரவில்லை.

வான்கோழிக் குஞ்சுக்குத் தின்னத் தெரியாது,
தீவனத்தின் மேலேயே நின்று பட்டினி கிடக்கும்.
லீமா அறுந்துபோன நீலப் பாசிமாலையைக்
கம்பங்குருணையில் உதிர்த்தாள்.
பளபளப்பைக் கொத்தப் போய்ச் சோற்றைக் கண்டுகொண்டன.
அதையும் மீறி ஒன்று செத்தது.

ஐப்பசிக்குள் மாடியில் ஏழு ரவுடிகள்.
பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்கெல்லாம் பதில் கத்தின.
தணிகாசலம் வீட்டில் பருப்பு குழைந்துகொண்டே இருந்தது.
சண்டைக்கு வந்தவர்
ஒரு கிலோ என்ன விலை என்று விசாரித்துவிட்டுப் போனார்.

டிசம்பர் இருபத்துநான்கு, விடியற்காலை நான்கு மணி.
வேப்பேரிக்கு மூன்று, கீழ்ப்பாக்கத்துக்கு இரண்டு,
தணிகாசலத்துக்கு ஒன்று, கறாராகப் பாதி அட்வான்ஸ் வாங்கியது.
சீட்டுக்குக் கட்டியது போக லீமாவுக்கு ஒரு ஷூ.
பிரசங்கத்தில் வரும் கருணை எதுவும் எனக்கு வரவில்லை,
கை மட்டும் விறைத்தது.

ஏழாவது எங்களுக்கு.
அவர் பிடிக்க, நான் அறுத்தேன்.
இரைப்பையைக் கீறினால் சல்லிக்கல், கம்பு,
நடுவில் லீமாவின் ஒரு பாசி.
ஏழு மாதம் கல்லோடு அரைபட்டு
மினுக்கெல்லாம் போய், கலங்கிய நீலம்.

குழாயில் கழுவி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.
திருப்பினார்.
இன்னொரு தடவை திருப்பினார்.