அடிப்புறம்

வாழப்பாடி தாண்டி, தண்டவாளத்துக்கு வடக்கே
குழந்தைவேலுவின் ஒன்றரை ஏக்கர் மரவள்ளி.
மூலைக்கு மூலை நடக்க வேண்டும்,
இருபது செடி, செடிக்கு மூன்று இலை.
இலையைத் திருப்பிப் பார்ப்பது என் வேலை.

மேல்புறத்தில் ஒன்றும் இருக்காது.
வெயில், கொஞ்சம் செம்மண் தூசி,
என்றைக்கோ காய்ந்த குருவி எச்சம்.
திருப்பினால் ஊர்.

காம்பு ஏழு விரலாய்ப் பிரியும் சந்தியில்
மெழுகு பூசிய மாவுப்பூச்சிகள்,
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து,
தாய் எது பிள்ளை எது சொல்ல முடியாது.
இந்த இனத்தில் ஆண் கிடையாது.
எல்லாம் பெண்; பெற்றதும் பெண்.
குருத்து மட்டும் முட்டைக்கோஸ் மாதிரி
கூம்பிக்கொண்டு வருகிறது.

செடி நான்கு, இலை இரண்டு: நூற்றுப் பதினேழு.

முதல் வாரம் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன்.
இப்போது கண்ணுக்குப் பழகிவிட்டது,
சுண்டுவிரல் நகம் மறைத்தால் இருபது.

ஆலைக் களத்தில் காயும் ஜவ்வரிசியும்
இதே வெள்ளை, இதே உருண்டை என்று
ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.
குழந்தைவேலு சிரிக்கவில்லை.
"அதுக்கு மூட்டைக்கு ரேட் இருக்குதுங்க."

இன்று பையில் ஒரு கண்ணாடிக் குழாய்.
பஞ்சு அடைப்பு, தேன் தடவிய காகிதத் துண்டு,
ஐம்பது குளவிகள்.
குளவி என்றதும் பயந்து விலகுவார்கள்.
காற்புள்ளிக்கு உயிர் வந்து
பத்திரிகையை விட்டு எழுந்தால் எவ்வளவு இருக்குமோ
அவ்வளவுதான்.
மாவுப்பூச்சியைத் தேடி, அதன் உடம்புக்குள் முட்டையிடும்.
அப்புறம் உள்ளே நடப்பதை நான் யாருக்கும் விளக்குவதில்லை.
"தின்னுடும்" என்பதோடு சரி.

பஞ்சில் கை வைக்கும்போதுதான் வாடை வந்தது.
வரப்போரம், வேலிகாத்தான் மறைவில்
புத்தம்புது நீல மூடி.

"மருந்து அடிச்சீங்களா?"
"இல்லைங்க."
"நேத்தா?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார்.
சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது.
பழக்கதோஷம், எண்ணினேன். நாற்பத்திரண்டு பெட்டி.
கடைசிப் பெட்டியும் போன பிறகு சொன்னார்,
"குடுத்த முன்பணத்தத் திருப்பிக் கேக்கறான் ஆலைக்காரன்.
உங்க குளவி எத்தனை நாள் கேக்குது?"
"மூணு வாரம்."
"அவன் மூணு நாள் கேக்கறானுங்க."

டவுன்பஸ்ஸில் குழாயை முந்தானைக்குள் சுற்றி
வெயில் படாமல் பிடித்துக்கொண்டேன்.
மின்னாம்பள்ளிக்கு முன்னால், எழுந்து நின்றது நானா கால்களா,
இறங்கிவிட்டேன்.
பெண்களுக்குச் சீட்டு இலவசம்,
பாதியில் இறங்கினாலும் நட்டமில்லை.

யார் காடென்று தெரியாது.
கிணற்றுமேட்டு ஓரம் ஒரு செடியின் இலையைத் திருப்பினேன்.
இருந்தார்கள்.

பஞ்சை எடுத்தேன்.
கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை.
பிறகு ஒன்று விளிம்புக்கு வந்து
மீசையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டது,
அப்புறம் காணோம்.
மற்றவை போனதைப் பார்க்கவே இல்லை.
குழாய் காலியாக இருந்தது, அதனால் போயிருக்க வேண்டும்.

மாவுப்பூச்சிகள் அசையவில்லை,
குடித்துக்கொண்டே இருந்தன.
மாதக்கணக்கில் எண்ணியவற்றின்மேல்
முதல்முறையாக ஒரு இரக்கம் வந்தது,
வேலைக்கு உதவாத இரக்கம்.
கிணற்று மோட்டார் யாரோ போட்டார்கள். நகர்ந்தேன்.

அடுத்த பஸ்ஸுக்கு நின்றபடி பதிவேட்டை விரித்தேன்.
'விட்ட இடம்' என்ற கட்டத்தில்
குழந்தைவேலு என்றே எழுதினேன், சர்வே எண்ணோடு.
நீல மூடிக்கு அதில் கட்டம் இல்லை.

பென்சிலை அதிகம் அழுத்திவிட்டேன் போல.
தாளைத் திருப்பினால் எழுத்தெல்லாம்
இடம் வலம் மாறி, மேடு மேடாய்,
விரலில் தட்டியது.