தேவையான பொருட்கள்

ஒரு குச்சி. ஒரு சுண்ணக்கட்டி. அளவுநாடா.
வெயிலடிக்கும் ஒரு நாள்.
வயது: ஏழு முதல் ஒன்பது.
நேரம்: நாற்பத்தைந்து நிமிடம்.
எச்சரிக்கை: சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது.

கடைசி வரியை எங்கள் மொழியில் சொன்னதும்
வகுப்பே சிரித்தது.
வகுப்பு என்றால் எட்டுப் பேர்,
பள்ளி என்றாலும் அதே எட்டுப் பேர்.

கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், உபெர்னாவிக்கிற்கும் வடக்கே,
நவம்பர் பாதியில் போன சூரியன்
ஜனவரிக் கடைசியில்தான் எட்டிப் பார்க்கும்.
அதுவரை நண்பகல் என்பது
கொஞ்சம் நீலம், அவ்வளவுதான்.

பாடத்தை இறக்கியது இரவு இரண்டு மணிக்கு.
ஊரில் யாரும் படம் பார்க்காத நேரத்தில்தான்
செயற்கைக்கோள் எனக்குக் காது கொடுக்கும்.
கூடவே நான்கு நிமிடக் காணொளி:
மஞ்சள் சட்டைப் பையன் புல்வெளியில் ஓடி
தன் நிழலை மிதிக்கப் பார்க்கிறான்.
எழுபத்தொன்றாம் நொடியில் நின்றுவிட்டது,
ஒரு கால் அந்தரத்தில்.
பிள்ளைகள் கேட்டார்கள்:
அவன் ஏன் தொப்பி போடவில்லை?
அவன் அம்மா திட்டமாட்டாளா?

போன மாதம் அவரை முளைக்கவிடும் பாடம்.
கடையில் இருந்ததெல்லாம் டின்னில் வெந்த அவரை.
அதற்கு முந்தையது
பனிக்கட்டி எங்கே வைத்தால் சீக்கிரம் உருகும் என்பது.
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

வேறு பாடம் தேடலாம் என்று கணினியை மூடப்போனேன்.
"நாய்களுக்கு நிழல் இருக்கிறது, ஆர்னாக்,"
என்றாள் இவாலு, கை தூக்காமலே.
"வரும்போது பார்த்தேன்."

வெளியே போனோம்.
மேற்கில், மலை முதுகுக்கு மேலே, நிலா.
நாலு நாளாக மறையவே மறையாத முழு நிலா.
நானும்தான் தினமும் அதன் கீழே நடந்து வந்தேன்.
சங்கிலியில் கட்டிய பதினோரு நாய்கள்,
பனியில் பதினோரு கறுப்பு நாய்கள்.

குச்சிக்குப் பதில் மீட்டியின் வீட்டு மண்வெட்டி.
சுண்ணம் பனியில் எழுதாது;
என் குடுவையிலிருந்த ஆறிய தேநீரை
நிழலின் நுனியில் ஒரு சொட்டு விட்டோம்.
அளவுநாடா மூன்று மீட்டரோடு தீர்ந்தது.
மீதிக்கு உயாராக் படுத்துக்கொண்டான்,
தொப்பி முதல் பூட்ஸ் வரை சரியாக இருந்தது.
எட்டே கால் மணி: மூன்று மீட்டர், ஓர் உயாராக்.
ஒன்பதே கால்: மூன்று மீட்டர், இரண்டு உயாராக்,
ஒரு சாண் குறைவு.
நுனியும் நகர்ந்திருந்தது, எண்ணெய்த் தொட்டிப் பக்கமாக.

உள்ளே வந்து விடைப்பக்கத்தைத் திறந்தேன்.
நண்பகலை நெருங்க நெருங்க நிழல் குறையும்,
என்றிருந்தது.
"நாம் போட்டது தப்பா?" என்றான் கில்லாக்.
எனக்கும் உடனே விளங்கவில்லை.
பனி சொன்னதை எழுதுங்கள் என்றேன்.
ஏன் அப்படி என்பதை நாளை பார்ப்போம்,
ஓர் ஆரஞ்சும் கைவிளக்கும் கொண்டு வருகிறேன்.
(ஆரஞ்சு கிடைத்தால்.)

உங்கள் அளவுகளைச் சேருங்கள், என்றது படிவம்.
வானிலை என்ற கட்டத்தில் மூன்றே தேர்வு:
வெயில், மேகம், மழை.
வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து
நானே தட்டத் தொடங்கினேன்:

தேவையானவை: முழு நிலா, மண்வெட்டி,
ஆறிய தேநீர், படுக்கத் தயாரான ஒரு பையன்.
நேரம்: நிலா இருக்கும்வரை.
எச்சரிக்கை: கையுறையைக் கழற்றக் கூடாது.
நிலாவை நேராகப் பார்க்கலாம்,
எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்.

அனுப்பும் பட்டை அறுபத்திரண்டு சதவீதத்தில் நிற்கிறது.
மீட்டியின் அம்மா இருமுறை அழைத்துவிட்டாள்,
வாசல் பனியை வார வேண்டுமாம்.
மண்வெட்டியைப் பிடுங்கப் பிள்ளைகள் விடவில்லை.
பத்தே காலுக்கு இன்னும் நான்கு நிமிடம்.