செய்தவளும் பட்டவளும்

படிவத்தின் ஏழாம் கேள்வி:
ஒலுமடுப் பக்கம், மூன்றாம் பாதையில்,
காலை ஒன்பது இருபதுக்கு
என்ன நடந்தது?

ஷீ கட் ஹேர்செல்ஃப் என்று எழுதினேன்.
மூன்றே சொல்.
மிதிவெடி அகற்றும் கொம்பனியின் மாங்குளம் கந்தோரில்
இந்தச் சுருக்கத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

கையெழுத்து வைக்கமுதல்
வாசிச்சுக் காட்டச் சொன்னாள் கிருபாலினி.
வாசித்தேன். தமிழிலும் சொன்னேன்:
தன்னைத் தானே வெட்டிக்கொண்டாள்.

கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.
"எனக்கென்ன விசரோ?
ஈச்சம்பற்றையைத்தான் வெட்டினனான்.
கத்தரிக்கோல் வழுக்கிச்சுது, கை வெட்டுப்பட்டுது.
நான் எங்கை என்னை வெட்டினனான்?"

ஆங்கிலத்தில் இது பிழையில்லை என்று தொடங்கினேன்.
சவரம் செய்கையில் கன்னம் கீறினாலும் அவர்களுக்கு அதே சொல்.
செய்தவரும் பட்டவரும் ஓராள் என்றால்
வசனத்தின் வாலில் அதைக் கட்டிவிடுவார்கள்.
வேணுமெண்டு செய்ததோ, தவறுதலோ,
அந்தச் சொல் விசாரிப்பதில்லை.

அவளுடைய முகம் விசாரித்தது.

எங்களிடம் கொள் இருக்கிறது, படு இருக்கிறது.
வெட்டிக்கொண்டாள் என்றால் சனம் கூடிக் காரணம் கேட்கும்.
வெட்டுப்பட்டாள் என்றால் மருந்து கட்டும்.
முப்பது வருசமாய் நாங்கள் படுவோடு இருந்தவர்கள்:
காயப்பட்டது, பிடிபட்டது, அகப்பட்டது.
செய்தவரின் பெயர் இல்லாமலே
இலக்கணப்படி நிறைவாய் முடிந்த வசனங்கள்.

(முதல் நாள் பயிற்சியில் வெள்ளைக்காரப் பொறுப்பாளர்
பிஸ்கற் தட்டைக் காட்டி
ஹெல்ப் யோர்செல்வ்ஸ் என்றார்.
உங்களுக்கு நீங்களே உதவி செய்யுங்கோ என்று
நான் மொழிபெயர்த்தேன், புது ஆள்தானே.
நாற்பது பெண்கள். ஒருவரும் தட்டைத் தொடவில்லை.
பின்வரிசையில் இருந்து இவள்தான் சொன்னாள்:
"ஓம், இவ்வளவு நாளும் வேற ஆர் செய்தது?"
தேத்தண்ணி ஆறிப்போனது.)

வசனத்தை மாற்றினேன்.
கை, கத்தரிக்கோலால் வெட்டப்பட்டது.
மேலாளர் சிவப்புப் பேனையால் பழையபடி திருத்தினார்:
கத்தரிக்கோலுக்குக் கையில்லை, தம்பி.
காப்புறுதிக்காரர் சிரிப்பார்கள்.

அவர் சொன்னது ஆங்கிலப்படி சரி.
அவள் சொன்னது கைப்படி சரி.
இரண்டுக்கும் நடுவில் நான்,
திருத்து மையைக் குலுக்கிக்கொண்டு.
குலுக்கிக்கொண்டு:
பார், இங்கேயும் ஒரு கொள்.
இதற்கு ஒருவரும் காரணம் கேட்பதில்லை.

பதினோராம் கேள்வி: முதலுதவி செய்தவர்?

மருத்துவ உதவியாளர் வந்துசேர ஆறு நிமிசம்.
ஒரு பாதைக்கு ஓராள்தான், அது விதி.
அடுத்தவள் இருபத்தைந்து மீற்றர் தள்ளி,
கத்தினால் கேட்கும், ஓடிவரக் கூடாது.
அந்தத் தனிமைக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான்,
முன்னால் ஒரு பை போட்டால் போதும்.
கிருபாலினி முகக்கவசத்தை உயர்த்தி,
தலைத்துண்டை அவிழ்த்து,
ஒரு நுனியைப் பல்லில் கடித்து
மணிக்கட்டைச் சுற்றி இறுக்கியிருக்கிறாள்.

ஹேர்செல்ஃப் என்று எழுதினேன்.
"அதே சொல்லோ?" என்று எட்டிப் பார்த்தாள்.
அதே சொல்.
"இந்த இடத்தில கிடக்கட்டும்."
பிறகு ஏழாம் கேள்வியைப் பார்க்காமல்
இடக்கையால் கையெழுத்து வைத்தாள்,
எழுத்தெல்லாம் சரிந்து விழ.

ஐந்து மணிக்கு என்னுடைய மோட்டார்சைக்கிள்
வழக்கம்போல செல்ஃப் எடுக்கவில்லை.
உதைத்தும் பார்த்தேன்.
கனகராயன்குளம் மட்டும் வரவிருந்தவள்
ஏறிய இடத்தில் இருந்து இறங்கி,
கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்து
மற்றக் கையால் தள்ளினாள்.