இமைக்க வேண்டாம்

நெற்றியில் வழியும் பசையைப் பஞ்சால் ஒற்றியபடி
எல்லோரிடமும் சொல்வது இதுதான்:
முப்பத்திரண்டு ஒயர், ஷாக் அடிக்காது,
நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது,
பேச்சு ஓடும்போது மட்டும்
கண்ணை இமைக்க வேண்டாம்.

தேவனாம்பட்டினத்து அஞ்சாப்புலி சிரித்தார்.
"உப்புக் காத்துல முப்பது வருசமா
இமைக்காமத்தாம்மா நிக்கிறேன்."
தலைமுடிக்குள் இன்னும் மணல்.
மூன்றாவது ஒயர் ஒட்டவேயில்லை.

முதலில் தமிழ் போட்டேன்.
நொடிக்கு ஐந்து அசை, சில சமயம் ஆறு;
ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு சின்ன மேடு,
பின்வாங்கும் அலையை விடாமல் துரத்தும்
உள்ளான் குருவியின் கால்போல.

அப்புறம் பிரெஞ்சு.
ஒரு சொல் புரியாது அவருக்கு.
ஆனாலும் உள்ளான் நிற்கவில்லை,
கால் மட்டும் கொஞ்சம் இடறியது.
குறிலுக்கு ஒன்று நெடிலுக்கு இரண்டு என்று
தன் ஊர்க் கணக்கிலேயே
அந்தப் பேச்சைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்,
பெயர் தெரியாத மீன் ஒன்று வலையேறினால்
வஞ்சிரம் அரிகிற கத்தியைத்தானே எடுப்பார்கள்.
முடிந்ததும் கேட்டார்:
"அந்தம்மாவுக்கு யார் மேல அவ்வளவு கோவம்?"
அது வானிலை அறிக்கை.

சுய்ஃப்ரேன் வீதி ஜெர்மேன் சவரிநாதன்
படிவத்தில் 'தாய்மொழி' என்ற இடத்தில்
இரண்டு எழுதி, ஒன்றை அடித்து,
அடித்ததன் மேலேயே மறுபடி எழுதியிருந்தார்.
கணினியில் கட்டம் ஒன்றுதான் மேடம், என்றேன்.
"சில்லறை எண்ணுவது பிரெஞ்சில்.
கால் இடித்துக்கொண்டால் தமிழ்.
எதைப் போடுவாயோ போடு."
இரண்டு மொழிக்கும் கோடு சுத்தமாக ஓடியது.
ஆனால் நிறைய இமைத்தார்.

பள்ளியில் படித்திருக்கிறேன்:
ஒரு முறை கண் இமைக்கும் நேரம்
ஒரு மாத்திரை.
இரண்டு மார்க் கேள்வி.
இப்போது மாத்திரை என்றால்
கீழ்த்தளத்தில், ஒன்பதாம் எண் ஜன்னலில், வரிசை.
இந்த அறையிலோ இமைப்பு வெறும் குப்பை.
கண் பக்கத்து ஒயரில் மலையாய் எழும்பி
பேச்சின் சின்ன அலைகளை மூடிவிடும்.
ஐந்து மணிக்குமேல் உட்கார்ந்து
ஒவ்வொன்றாய் வெட்டி எறிவதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

ஜெர்மேனுக்கு எழுபத்து மூன்று இமைப்பு.
பிரெஞ்சில் அங்கங்கே சிதறிக் கிடந்தன.
தமிழில் அப்படியில்லை,
வாசிப்பவள் மூச்சு வாங்கிய இடங்களில் மட்டும்
ஒவ்வொன்றாய் விழுந்திருந்தன,
ம் என்று சொல்வதற்குப் பதிலாக.
நாற்பதாவதில் கை நின்றது.
யாரிடம் சொல்ல,
குழுத் தலைவர் சென்னையில்.
கட்டத்தில் அதற்கு இடமும் இல்லை.
வெட்டினேன். நாற்பத்தொன்று. வெட்டினேன்.

ஏழே கால் கடலூர் பஸ்.
அரியாங்குப்பம் பாலத்தில் ஏறிய இரண்டு பையன்கள்
பின் சீட்டில் ஓயாமல் பேசினார்கள்,
ஒடியாவோ போஜ்புரியோ,
சம்பளமோ சண்டையோ.
ஒரு சொல் பிடிபடவில்லை.
கண்ணை மூடிக்கொண்டேன்.

கன்னியக்கோவிலில்தான் கவனித்தேன்,
என் கட்டைவிரல் ஜன்னல் கம்பியைத்
தட்டிக்கொண்டே இருந்தது.
திரும்பிப் பார்த்தேன்.
அவர்கள் தவளக்குப்பத்திலேயே இறங்கிவிட்டிருந்தார்கள்.