பலகையின் அடிப்பக்கம்

கோட்கா மர ஆலையில் நான் கணக்கன்.
பலகையில் கிறுக்கினால் ஐம்பது பென்னி அபராதம்
என்று எழுதி ஆணியடித்தவனும் நானே.

வெர்னெரி ஹுத்துலா, இரவு முறையில் பலகை அடுக்குபவன்.
இடது கால் இழுக்கும்,
ஆற்றில் மிதந்த மரம் ஒன்று
அவன்மேல் உருண்ட வசந்தத்திலிருந்து.
பள்ளிக்கூடம் போனது பதினோரு வாரம்.
மிச்சமெல்லாம் தொழிலாளர் மன்றத்தின் ஒற்றை அலமாரி.
அங்கிருந்த அகராதியும் பாதிதான்;
பின்பாதியைக் குளிருக்கு யாரோ எரித்துவிட்டார்கள்.
விடுதலை என்ற சொல் அந்தப் பாதியில் இருந்தது.
அதற்குப் பொருள்
அவனே எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று.

நீலப் பென்சில்தான் அச்சகம்.
வெட்டிய ஈரம் காயாத பலகையின் அடியில்
இரண்டு வரி, சில நாள் மூன்று.
எங்கள் மொழியில் எந்தச் சொல்லும்
முதல் அசையில்தான் அழுத்திக் காலூன்றும்.
"நொண்டிக்கு ஏற்ற மொழி" என்பான்.

ஒருமுறை தலைநகரப் பத்திரிகைக்கு ஒன்பது கவிதை அனுப்பினான்.
ஓர் அஞ்சலட்டை வந்தது:
உணர்ச்சி உண்டு. தளை தட்டுகிறது.
சிரித்தான்,
பதினெட்டாம் ஆண்டு முகாமில்
பசி பிடுங்கிய பற்களின் இடைவெளி தெரிய.
"தளை என்றால் தட்டத்தானே செய்யும்,
உள்ளே ஆள் இருக்கிறான்."

அபராதப் பேரேட்டில் அவன் பெயருக்கு நேரே
நான் பூஜ்யம் போட்டது நல்ல மனதால் அல்ல.
என் மகள் ஐரா இருமி இருமிப் போன வாரம்
கப்பலுக்கான அடுக்கில் ஒரு பலகையைப் புரட்டினேன்.

*கணக்கன் இன்று தப்பாகக் கூட்டுகிறான்.
யாரும் திருத்த வேண்டாம்.*

எழுத்து கீழே போகும்படி
திருப்பி வைத்தேன்.
மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்ததை எண்ணினேன்.

கப்பல் இங்கிலாந்து போயிற்று.
ஹல் நகரத்தில் யார் வீட்டிலோ தரையாகியிருக்கும்.
அதன்மேல் நாற்காலி இழுபடும்,
பால் சிந்தும்,
பூட்ஸைக் கழற்றாமல் யாராவது தூங்கிப்போவார்கள்.
அடியில் என்ன இருக்கிறது என்று
எலிக்குத் தெரிந்தால் உண்டு.

அவன் செத்த மறு வருடம் மன்றம் நூல் போட்டது.
நாற்பது பக்கம், சாம்பல் அட்டை.
அச்சுப்பிழை குறைவு.
தளைகூடச் சரிசெய்திருக்கிறார்கள்.
இரண்டு தடவை தேடினேன்.
என் பலகை அதில் இல்லை.

பேரேட்டில் இருக்கிறது:
ஸ்ப்ரூஸ். பதினான்கு அடி. எழுத்துக் கறை.
இரண்டாம் தரம்.
எண்ணிக்கை ஒன்று.