படகுக் கூலி

பொகொட்டாவில் மழைக்கு நேரங்காலம் கிடையாது.
ஏழு மணிக்கே பெட்டிகள் வந்து இறங்கிவிடும்.
அரசியல் சட்ட நீதிமன்றம் என்று
வெளியே பித்தளையில் எழுதியிருக்கிறது.
உள்ளே முதலில் வருவது
நனைந்த அட்டையின் வாசம்.

எனக்குச் சம்பளம் இல்லை.
சட்டப் படிப்பின் கடைசி வருஷம்,
பட்டத்துக்குக் கட்டும் வட்டி இது.
நாளைக்கு நாற்பது மனு.
மனுவுக்கு அரைப் பக்கம்.

இழுத்து அடிக்க வாசலில் மணி கிடையாது இங்கே.
வக்கீல் வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம்,
நோட்டில் கிழித்த ஒரு தாள் போதும்;
எந்த ஊர் நீதிபதியும்
பத்து நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.
சொன்ன பதில் ஒவ்வொன்றும்,
கொடுத்ததோ மறுத்ததோ,
மலையேறி இங்கே வந்து சேரும்.
மேலே ஒன்பது நீதிபதிகள்.
கீழே பெட்டிகள்; எண்ணுவதை விட்டுவிட்டோம்.

காது கருவி கேட்டவர்.
சிறைக்குள் கொசுவலை கேட்டவர்.
செத்ததாகப் பதிவாகிவிட்ட தன்னை
உயிரோடிருப்பதாக எழுதித் தரச் சொன்னவர்.
அதைப் படித்து நானும் யெய்சனும் சிரித்தோம்.
பிறகு பேசாமல் காப்பி குடித்தோம்.

செவ்வாய்க்கிழமை, முப்பத்தோராவது மனு:
எவுஃபேமியா அங்குலோ, குவாப்பி.
கட்டம் போட்ட தாள், ஊதா மை.
'கனம் நீதிபதி அவர்களே,
சிறுநீரகத்துக்கு இயந்திரம் ஒதுக்கிவிட்டார்கள். நன்றி.
இயந்திரம் புவெனவென்ட்டூராவில் இருக்கிறது.
நான் குவாப்பியில் இருக்கிறேன்.
நடுவில் இருப்பது கடல்.'

கீழ்க்கோர்ட்டின் பதில் மூன்றே சொல்:
போக்குவரத்து மருத்துவம் ஆகாது.

அழுகை மனுவில் இருக்கலாம்,
சுருக்கத்தில் கூடாது என்பது எங்கள் அறையின் சட்டம்.
வெட்டினேன். நன்றியை வெட்டினேன்.
கடலை மட்டும் விட்டுவைத்தேன்.

தேர்வு அறையில் இரண்டு நீதிபதிகள்,
ஒரே பிற்பகல், ஒரு மாதத்து நாடு.
சுவரில் ஒட்டிய பட்டியலில்
அவள் எண் இல்லை.

இன்னும் பதினைந்து நாள் இருக்கும்.
வேறொரு நீதிபதி வற்புறுத்தினால் கதவு மறுபடி திறக்கும்.
ஓர்ஹுவேலா மேசையிலேயே சாப்பிடுகிறவர்.
அரைப் பக்கத்தைப் படித்தார், வாயைத் துடைத்தார்,
'படகுக்கு எவ்வளவு?' என்றார்.

என் அரைப் பக்கத்தில் அது இல்லை.

ஓடி வந்து மூலத்தைப் புரட்டினேன்.
தாளின் முதுகில், அதே ஊதா மையில்
கூட்டல் கணக்கு:
போக, வர, வாரம் மூன்று, துணைக்கு ஓர் ஆள்.
கீழே: தையல் மெஷின் விற்றது,
ஏழு வாரத்துக்கு வரும்.
நான் முன்பக்கம் மட்டுமே படித்திருந்தேன்.

ஓர்ஹுவேலா வற்புறுத்தினார்.
அதே மாதிரி பதினொரு மனுவோடு சேர்த்துக் கட்டினார்கள்.
மந்திரிசபைக்குக் கடிதம், காப்பீட்டுக்குக் கடிதம்,
பதிலுக்கு அவகாசம், அவகாசத்துக்கு நீட்டிப்பு.
எட்டு மாதம்.
மூன்று பேர் அமர்ந்தார்கள்; இரண்டுக்கு ஒன்று.
போய்ச் சேர முடியாத இடத்துச் சிகிச்சை
கொடுத்த சிகிச்சை ஆகாது என்றது தீர்ப்பு,
தொண்ணூற்றாறு பக்கத்தில்.
மறுத்து எழுதியவர் பணம் எங்கே என்று கேட்டிருந்தார்.
அவர் கூட்டலில் பிழை இல்லை.
அவளுக்கு அதில் பெயர் இல்லை;
ஒன்பதாவது கோப்பு.

நகல் குவாப்பிக்குப் போனது.
போன உறையே திரும்பி வந்தது,
அமீனாவின் பென்சில் குறிப்போடு:
கதவு பூட்டியிருக்கிறது, ஆள் இல்லை.

தேதியைப் பார்த்தேன். செவ்வாய்.
இயந்திரத்தில் அவள் முறை
செவ்வாய், வியாழன், சனி.

ஆக, கடலில் இருக்கிறாள் என்று
நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.
ஏழு வாரத்தை எட்டு மாதத்திலிருந்து கழித்தால்
எவ்வளவு என்று
யெய்சன் கேட்கவில்லை.

மறு உறையில் விலாசம் எழுதினேன்.
புதன்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கவும்
என்று மேலே, ஊதாவில்.