மைனஸ் நாற்பது

வெள்ளகோவிலில் சித்திரை.
ராத்திரி ஒம்பதரைக்கும் தகரக் கூரை அனலாய்க் கிடக்க
என் மாருதி வேன் மட்டும்
பனியில் நின்றுகொண்டிருந்தது.

செல்போனில் அப்படித்தான் வந்தது:
கூலன்ட் சூடு, மைனஸ் நாற்பது.
எண்ணூறு ரூபாய் ஸ்கேனர்.
ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால்
வண்டி மனசில் இருப்பதைச் சொல்லும்.
சொன்னது இது.

ரெண்டு நாளாய்க் கரும்புகை,
நிற்காமல் சுற்றும் ஃபேன், மஞ்சள் விளக்கு.
குளிருதே குளிருதே என்று
இன்ஜினுக்குப் பெட்ரோலை ஊட்டிக்கொண்டே இருந்தது கம்ப்யூட்டர்,
காய்ச்சல்காரனுக்கு இன்னொரு கம்பளியைப் போர்த்துகிற மாதிரி.

மூலனூர் ரோட்டு மெக்கானிக் சென்னியப்பன்
போனிலேயே முடித்துவிட்டார்.
"சென்சார் போயிருச்சுங்க. ஆயிரத்தி நானூறு ஆகும்.
நாளான்னிக்கு வாங்க."
நாளான்னிக்கு வரைக்கும் முருங்கைக்காய் தாங்காதுங்க.
விடிய நாலு மணிக்கு நாப்பது கட்டு
ஒட்டன்சத்திரம் போயாகணும்.

இன்ஜின் ஆறுகிறவரை சோறு தின்றுவிட்டு
சென்சாரைக் கழற்றினேன்.
பச்சைத் தண்ணி முழங்கை வரை வழிந்தது.
பித்தளை மூக்கு, கட்டைவிரல் நீளம்.
மீட்டரின் ரெண்டு முனையையும் அதன் காதில் வைத்தேன்:
ஆயிரத்து அறுநூறு ஓம்.
வெந்நீர் டம்ளரில் மூக்கை முக்கினேன்.
தொள்ளாயிரம். ஐநூறு. முந்நூத்தி இருபது.
சூடு ஏற ஏற எண் இறங்கணும்.
ஒழுங்காகத்தான் இறங்கியது.
பாவம், இதன்மேல் பழி.

மீட்டர் என்னுடையதில்லை.
முதுகில் ஆணியால் கீறியிருக்கும்: ர.மூ.
ரத்தினமூர்த்தி, என் தம்பி.
கிணத்துப் பங்கில் வாய்ச்சண்டை வருவதற்கு
முந்தின வாரம் வாங்கிவந்தது.
பதினோரு மாசம்.
அவன் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை.
ரெண்டு பேர் நம்பரும் மாறவில்லை.

சென்சாரை இருந்த இடத்தில் முடுக்கிவிட்டு
தாலிக்கொடியில் கிடந்த ஊக்கை எடுத்தேன்.
கனெக்டரின் ரெண்டு துளைக்கும் அதைப் பாலமாகப் போட்டு
சாவியைத் திருப்பினால்
நூத்தி முப்பதுக்கு மேலே எண் பாயணும்.
பாயவில்லை.
மைனஸ் நாற்பது.
ஆக, நடுவில் எங்கோ ஒயர்.

பேட்டரித் தட்டுக்கு அடியில் கையை விட்டு
விரலாலேயே தேடினேன்.
மேல்தோல் முழுசாக இருந்தது.
ஓர் இடத்தில் மட்டும்
எலும்பில்லாத விரல்போல மடிந்தது.
பிளேடால் கீறினேன்.
பச்சைப் பொடி கொட்டியது, கம்பி இல்லை.

அறுந்த ஒயரில் சேதி வராது.
வராத சேதியை
'தெரியவில்லை' என்று வண்டி எடுத்துக்கொள்வதில்லை.
குளிர் என்று எடுத்துக்கொள்கிறது,
தனக்குத் தெரிந்த ஆகக் கடைசிக் குளிர்.

நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேனா?
தெரியவில்லை.
டார்ச்சை வாயில் கவ்வியிருந்தேன்,
யோசிக்கத் தோதான நேரமில்லை.

கெட்டதை நறுக்கி,
புது ஒயர் ஒரு சாண் வைத்து முறுக்கி டேப் சுற்றினேன்.
முப்பத்தி நாலு என்றது செல்போன்.
ஸ்டார்ட் செய்தேன். நாப்பத்தி ஒண்ணு. அம்பத்தி எட்டு.
ஃபேன் நின்றது.
ரெண்டு நாளாய் அது மூடிவைத்திருந்த
பின்தெருத் தறிச் சத்தம்
சட்டென்று கேட்டது.

மீட்டரை அணைக்கப் போனபோது பார்த்தேன்,
திரையின் மூலையில்
தீரப்போகும் பேட்டரியின் சின்னப் படம்.

காய்க் கணக்குச் சீட்டின் பின்னால் எழுதினேன்:
கட்டு நாப்பது.
முறுக்கின இடத்துக்கு ஈயம் வெக்கணும்.
ஒம்பது வோல்ட் பேட்டரி ஒண்ணு.
செத்த பேட்டரியோடு
எப்படித் திருப்பிக் கொடுப்பது?